ஓய்வூதியத்தின் மேல் ஏறி உட்காரும் வரி: பணி ஓய்வுப் பலன்களும் வருமான வரியும்

1. எடுத்துக்கொண்ட பொருள்

பணி ஓய்வு பெறும் ஒருவர் கைக்கு இரண்டு வகையான பணம் வருகிறது. பணிக்கொடை, லீவ் சரண்டர், கம்யூட்டேஷன், சேமநல நிதி எல்லாம் ஒரே தடவையில் வந்து முடிந்துவிடுபவை. ஓய்வூதியம் உயிருள்ளவரை மாதாமாதம் வருவது. மொத்தமாக வருவதற்கு வரி கிடையாது, மாதாமாதம் வருவதற்கு உண்டு என்பது ஓய்வூதியர் சங்கக் கூட்டங்களில் எல்லாரும் ஒப்பிக்கும் பாடம். பாடத்தில் பிழையில்லை. ஆனால் அது பாதிப் பாடம்.

மொத்தத் தொகைக்குக் கிடைக்கும் விலக்கு, தொகை கைக்கு வரும் அன்றோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. மறுநாள் அந்தப் பணம் தபால் நிலையத்திலோ வங்கியிலோ வைப்பாக உட்கார்ந்து வட்டி ஈட்ட ஆரம்பித்ததும், அந்த வட்டிக்கு எவ்வளவு வரி என்பதை அதற்கு அடியில் கிடக்கும் ஓய்வூதியமே முடிவு செய்கிறது. ஒரே வட்டிக்கு ஒருவர் ஒரு பைசா வரி கட்டுவதில்லை. இன்னொருவர் நூற்றுக்கு 38 ரூபாய் கட்டுகிறார். இந்த வேறுபாடு எந்தப் பிரிவிலும் எழுதப்பட்டதில்லை. பல பிரிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுவதால் விளைவது. அதைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லையைச் சொல்லிவிடுகிறேன். கணக்குகள் 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைக்கானவை. பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் எண்களையும் வரிசையையும் மாற்றுகிறது. ‘மதிப்பீட்டு ஆண்டு’ போய் ‘வரி ஆண்டு’ வருகிறது. ஓய்வுப் பலன்கள் பற்றிய அடிப்படை விதிகள் பெரும்பாலும் பழையபடியே நீடிக்கின்றன.

2. ஓய்வூதியம்: கருணையா, சம்பளமா?

ஓய்வூதியம் அரசு பார்த்துக் கொடுக்கும் கொடை என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. டி.எஸ்.நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று வந்த தீர்ப்பு இன்னும் அழுத்தமாகச் சொன்னது: ஓய்வூதியம் ஊழியர் முன்பே உழைத்துச் சம்பாதித்துவிட்ட உரிமை. அந்தத் தேதியைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். மாலை, சால்வை, சாம்பார் சாதத்தோடு.

கொண்டாட்டத்தில் யாரும் நினைவுபடுத்தாத ஒன்று உண்டு. ஓய்வூதியம் உழைப்புக்கான ஊதியம் என்றால், ஊதியத்துக்கு உள்ள வரி அதற்கும் உண்டு. நகாரா தீர்ப்புக்கு வெகுகாலம் முன்பே வரிச் சட்டம் அந்த முடிவுக்கு வந்துவிட்டது. 17(1) பிரிவு ‘சம்பளம்’ என்ற சொல்லுக்குள்ளேயே ஓய்வூதியத்தையும் அடக்கிவைத்திருக்கிறது. உரிமை பேசும்போது இனித்த வாதம், வரி பேசும்போது கசக்கிறது.

சம்பளம் என்ற பெயரால் ஒரு நன்மையும் கிடைத்தது. 2005-இல் எடுத்துவிட்ட நிலையான கழிவை 2018-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 40,000 ரூபாயாகத் திரும்பக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகாதவருக்கு எதற்குக் கழிவு என்ற கேள்வி அப்போது எழுந்தது. ஓய்வூதியருக்கும் உண்டு என்று நேரடி வரிகள் வாரியம் விளக்கம் கொடுத்தது. பிறகு அது 50,000 ஆகி, 2024 ஜூலை பட்ஜெட்டில் புதிய முறைக்கு 75,000 ஆயிற்று.

இன்னொரு முரணையும் இங்கேயே குறிக்கலாம். 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டமும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவும் அரசு ஓய்வூதியத்தைக் கடன்காரர்கள் ஜப்தி செய்யவிடாமல் காக்கின்றன. வட்டிக்காரனால் தொட முடியாத பணத்தை வருமான வரி மட்டும் முதல் ஆளாக வந்து தொடுகிறது.

3. மொத்தத் தொகைகளுக்கான விலக்கு

3.1 பணிக்கொடையும் லீவ் சரண்டரும்

அரசு ஊழியரின் பணிக்கொடைக்கு வரியே இல்லை. மத்திய அரசில் அதன் உச்சவரம்பு 2024 ஜனவரி முதல் 25 லட்சம். தனியார் ஊழியருக்கு வரிவிலக்கு 20 லட்சத்தோடு நிற்கிறது. ஓய்வின்போது வாங்கும் லீவ் சரண்டர் தொகை அரசு ஊழியருக்கு முழுவதும் விலக்கு. மற்றவர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் 25 லட்சம் வரை. அதற்கு முன் அந்த வரம்பு 3 லட்சமாக இருந்தது. 2002-இல் அறிவித்த 3 லட்சத்தை 2023 வரை யாரும் அசைக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் தங்கம் எங்கே போனது, வீட்டு வாடகை எங்கே போனது என்று வாசகருக்குத் தெரியும். வரிச் சட்டத்தில் ரூபாயில் எழுதிய எந்தக் கோடும் இப்படித்தான்: போடும்போது தாராளமாகத் தெரியும், பிறகு நகர மறுக்கும். இது பின்னால் தேவைப்படும்.

3.2 கம்யூட்டேஷன்

ஓய்வூதியத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து அதன் மதிப்பை மொத்தமாக வாங்கிக்கொள்வதுதான் கம்யூட்டேஷன். மத்திய அரசில் 40 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கலாம். 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கு அடுத்த பிறந்தநாள் வயதான 61-க்கு உரிய காரணி 8.194. விட்டுக்கொடுத்த பங்கு 15 ஆண்டு கழித்துத் திரும்பக் கிடைக்கும். அகவிலை நிவாரணத்தை மட்டும் குறைக்காத முழு ஓய்வூதியத்தின் மேல்தான் கணக்கிடுகிறார்கள்.

வரி இங்கே வேடிக்கையாக நடந்துகொள்கிறது. மாதாமாதம் வாங்கினால் சம்பளம், வரி உண்டு. அதே பணத்தை முன்கூட்டியே மொத்தமாக வாங்கினால் 10(10அ) பிரிவின்படி அரசு ஊழியருக்கும் உள்ளாட்சி ஊழியருக்கும் சட்டத்தால் அமைந்த கழகங்களின் ஊழியருக்கும் முழு விலக்கு. பணம் ஒன்றே; வரும் வேகம் மட்டும் வேறு.

மற்ற நிறுவன ஊழியருக்கு விலக்கு அளவோடுதான். பணிக்கொடை வாங்கியவர் என்றால் முழு ஓய்வூதிய மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. வாங்காதவர் என்றால் பாதி. இதன் பொருளை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு நிறுவனம் தன் ஊழியருக்குத் தானே ஓய்வூதியம் தருகிறது. அவர் பாதியை கம்யூட் செய்து 18 லட்சம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முழு மதிப்பு 36 லட்சம். பணிக்கொடை வாங்காதவராக இருந்தால் 18 லட்சமும் விலக்கு. வாங்கியிருந்தால் 12 லட்சம்தான் விலக்கு, 6 லட்சத்துக்கு வரி. வாங்கிய பணிக்கொடை எவ்வளவு என்று சட்டம் கேட்பதில்லை. ஒரு லட்சம் வாங்கியவரும் 20 லட்சம் வாங்கியவரும் அதற்கு ஒன்றுதான். ஒரு பலன் இன்னொரு பலனின் வரியை நேரடியாக மாற்றும் இடம் இது. இதைவிட முரட்டுத்தனமான அளவுகோலைக் கண்டுபிடிப்பது கடினம்.

4. ஒரு கணக்கு

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் விஷயம் பிடிபடாது. கடைசி அடிப்படைச் சம்பளம் 1,30,000 ரூபாய் வாங்கிய ஒரு மத்திய அரசு அதிகாரியை எடுத்துக்கொள்வோம். ஓய்வூதியம் அதில் பாதி, 65,000. 2025-இன் பிற்பாதியில் இருந்த 58 சதவீத அகவிலை நிவாரணம் 37,700. ஆக மாதம் 1,02,700, ஆண்டுக்கு 12,32,400. பணிக்கொடை உச்சவரம்பை எட்டி 25 லட்சம் வருகிறது. 300 நாள் ஈட்டிய விடுப்புக்கு 20,54,000. இரண்டுக்கும் வரி இல்லை. பதினைந்து லட்சத்தை வீட்டுக்கும் பிள்ளைகளுக்குமாகச் செலவழித்துவிட்டு, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அனுமதித்த முழுத் தொகையான 30 லட்சத்தைப் போடுகிறார். 8.2 சதவீதத்தில் காலாண்டுக்கு 61,500, ஆண்டுக்கு 2,46,000 வட்டி.

முதலில், அவர் கம்யூட் செய்யவில்லை என்று கொள்வோம். ஓய்வூதியம் மட்டும் இருந்தால் 75,000 கழித்து 11,57,400. இது 12 லட்சத்துக்குள் அடங்குவதால் 87அ தள்ளுபடியில் வரி பூஜ்யம். வட்டியைச் சேர்த்தால் 14,03,400. தள்ளுபடி மொத்தமாகப் போய்விடுகிறது. நான்கு முதல் எட்டு லட்சம் வரை 5 சதவீதம், எட்டு முதல் பன்னிரண்டு வரை 10, அதற்கு மேல் 15 என்று அடுக்கிப் பார்த்தால் 90,510. செஸ் சேர்த்து 94,130.

வட்டி இல்லாவிட்டால் வரி இல்லை. ஆக, 94,130 ரூபாயும் அந்த 2,46,000 வட்டியால் வந்தது. அது 38 சதவீதத்துக்கும் மேல். நாட்டின் உச்ச அடுக்கே 30 சதவீதம்தான்; அது 24 லட்சத்துக்கு மேல் சம்பாதிப்பவருக்கு. வரிவிலக்கு என்று சொல்லிக் கொடுத்த பணிக்கொடையும் லீவ் சரண்டரும் ஓய்வூதியத்தின் மேல் ஏறி உட்கார்ந்ததும் அவற்றின் விளைச்சல் இந்தக் கதிக்கு ஆளாகிறது.

ஓய்வூதியமே இல்லாத ஒருவரை எதிரே நிறுத்திப் பாருங்கள். 7 சதவீத வட்டியில் ஒரு கோடியே 71 லட்சம் வைப்பு வைத்திருந்தாலும் ஆண்டு வட்டி 12 லட்சத்துக்குள்தான். அவருக்கு வரி இல்லை.

இப்போது அதே அதிகாரி 40 சதவீதத்தை கம்யூட் செய்கிறார். மாதம் 26,000 விட்டுக்கொடுத்து 25,56,528 ரூபாய் மொத்தமாக வாங்குகிறார், வரியில்லாமல். ஆண்டு ஓய்வூதியம் 9,20,400 ஆகக் குறைகிறது. 2,46,000 வட்டியைச் சேர்த்து 75,000 கழித்தால் 10,91,400. வரி பூஜ்யம். சென்ற கணக்கில் கட்டிய 94,130 முழுவதும் மிச்சம்.

வரியை விட்டுவிட்டுப் பார்த்தால் கம்யூட்டேஷன் ஒரு கடன்தான்: 25,56,528 வாங்கி, மாதம் 26,000 வீதம் 180 தவணை கட்டுவது. உள்ளே ஒளிந்திருக்கும் வட்டி ஆண்டுக்கு 9 சதவீதத்துக்குச் சற்று மேல். மலிவான கடன் என்று சொல்ல முடியாது. ஆனால் வாங்கியவர் இடையில் இறந்தால் மிச்சத் தவணையைக் குடும்பத்திடம் கேட்காத கடன். வரி மிச்சத்தையும் கூட்டிக்கொண்டால் நிறையப் பேருக்கு இது லாபக் கணக்கு.

ஆனால் ஒரு நிபந்தனை: வாங்கிய பணத்தை மறுபடியும் வட்டிக்கு விடக்கூடாது. அந்த 25,56,528-ஐ 7 சதவீதத்துக்கு வங்கியில் போட்டால் வட்டி 1,78,957. வரிக்குரிய வருமானம் 12,70,357. வரியும் செஸ்ஸும் 73,171. பணத்தை வீட்டுக் கடனை அடைக்கவோ மகளுக்கு மனை வாங்கவோ பயன்படுத்தியவர் தப்பிக்கிறார். பத்திரமாக வங்கியில் போட்டவர் மாட்டிக்கொள்கிறார். மனைவி பெயரில் போட்டால் போயிற்று என்று யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 64-ஆம் பிரிவு அந்த வட்டியைப் பிடித்து இழுத்துவந்து கணவர் வருமானத்திலேயே சேர்த்துவிடும்.

4.1 பன்னிரண்டு லட்சத்தின் விளிம்பு

தள்ளுபடிக் கோட்டைத் தாண்டியதும் 60,000 ரூபாய் வரி ஒரேயடியாகத் தலையில் விழாமல் இருக்க விளிம்பு நிவாரணம் வைத்திருக்கிறார்கள். கோட்டைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது. 12,10,000 வருமானத்துக்கு வரி 10,000. நியாயமாகத் தோன்றும். ஆனால் 12,00,000-க்கும் சுமார் 12,70,588-க்கும் இடையில் கூடும் ஒவ்வொரு ரூபாயும் முழுவதும் வரிக்கே போகிறது. செஸ் இதற்குப் பிறகு போடப்படுவதால் ஒரு ரூபாய் கூடுதல் வருமானத்துக்கு ஒரு ரூபாய் நான்கு காசு வரி. சம்பாதித்தால் நஷ்டம். மேலே பார்த்த 12,70,357 இந்தப் பள்ளத்தின் மறுகரையை ஒட்டி நிற்பது தற்செயல்தான். ஆனால் நடுத்தர, உயர் அதிகாரிகளாக ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியமும் வட்டியும் கூடினால் இந்தப் பக்கம்தான் வந்து நிற்கின்றன.

4.2 ஜூலை மாதத்து அதிர்ச்சி

நான் வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பவன். ஒவ்வொரு ஜூலையிலும் இதே காட்சி. மஞ்சப்பையிலிருந்து இரண்டு காகிதங்கள் வெளியே வரும். ஒன்று, ஓய்வூதியம் வழங்கும் வங்கி கொடுத்த படிவம் 16. அதில் வருமானம் 11,57,400, வரி இல்லை. இன்னொன்று, தபால் நிலையத்து வட்டிச் சான்று. மூத்த குடிமகனுக்கு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும், 24,600 பிடித்திருக்கிறார்கள். வங்கிக்குத் தபால் நிலையம் தெரியாது, தபால் நிலையத்துக்கு வங்கி தெரியாது. இரண்டு பேரும் தங்கள் கணக்கில் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். மீதி 69,530 ரூபாய் என் மேஜை மேல் வந்து விழுகிறது.

“பிடிச்சுட்டாங்களே சார், இன்னும் எதுக்கு?” என்பார். பிடித்தது முன்பணம் மாதிரி என்று விளக்கினால், “அப்ப மொதல்லயே சொல்லியிருக்கலாமே” என்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வட்டி வருமானத்தை வங்கியிடம் முன்பே எழுதிக் கொடுத்தால் ஓய்வூதியத்திலேயே மாதாமாதம் பிடித்துவிடுவார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். வியாபார வருமானம் இல்லாத மூத்த குடிமக்கள் முன்கூட்டி வரி கட்ட வேண்டியதில்லை என்று 207-ஆம் பிரிவு சொல்வதால், தாமத வட்டி விழாமல் இருப்பது ஒன்றுதான் ஆறுதல்.

75 வயது கடந்தவர்களுக்கு 194பி பிரிவு ஒரு வசதி செய்திருக்கிறது. ஓய்வூதியமும் வட்டியும் ஒரே வங்கியிலிருந்து வந்து, வேறு வருமானம் இல்லாவிட்டால், வங்கியே வரியைக் கணக்கிட்டுப் பிடித்துவிடும். கணக்குத் தாக்கல் செய்ய வேண்டாம். நல்ல ஏற்பாடு. தபால் நிலையத்தில் ஒரு வைப்பு இருந்தால் வசதி போய்விடும். அந்த வயதினரில் தபால் நிலையத்தில் வைப்பு இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

5. குடும்ப ஓய்வூதியம்

சட்டம் தன் தர்க்கத்தில் தானே இடறுவது இங்கேதான். கணவர் வாங்கியது சம்பளம். அவர் இறந்தபின் மனைவி வாங்குவது சம்பளம் ஆகாது, ஏனென்றால் மனைவி அங்கே வேலை பார்க்கவில்லை. எனவே அது ‘பிற வருமானங்கள்’ என்ற தலைப்புக்குப் போகிறது. 75,000 நிலையான கழிவு போய்விடுகிறது. 57-ஆம் பிரிவின்படி குடும்ப ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இரண்டில் எது குறைவோ அது கழியும். பழைய முறையில் 15,000 மட்டுமே.

நம் அதிகாரி ஓய்வு பெற்ற ஓரிரு ஆண்டுகளில் இறந்துவிடுகிறார் என்று கொள்வோம். விதிப்படி ஏழு ஆண்டுகள், அல்லது அவர் உயிரோடிருந்தால் 67 வயது நிறைந்திருக்கும் நாள், இரண்டில் முந்தியது வரை உயர்த்திய வீதத்தில் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அது 65,000. கம்யூட் செய்த 26,000-ஐ இதில் கழிப்பதில்லை. அகவிலை நிவாரணத்தோடு ஆண்டுக்கு 12,32,400. வைப்பும் மனைவி பெயருக்கு வந்துவிட்டால் வட்டி 2,46,000. கழிவு 25,000 போக 14,53,400. வரி 1,01,930.

கணவர் இருந்தபோது கம்யூட்டேஷன் கழித்து வந்த தொகைக்கும் வட்டிக்கும் சேர்த்து வரி பூஜ்யம். அவர் போனபின் மனைவிக்கு ஒரு லட்சத்துக்கு மேல். வருமானம் கூடியது உண்மைதான். வரி அதைவிட வேகமாகக் கூடிவிட்டது.

இதில் பொறி ஒன்றும் இருக்கிறது. குடும்ப ஓய்வூதியம் சம்பளம் இல்லை என்பதால் வங்கி அதில் டி.டி.எஸ். பிடிப்பதில்லை, படிவம் 16-உம் தருவதில்லை. கணவர் இறந்து முதல் ஆண்டு முடிந்து வந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டது இது: “தம்பி, பேங்க்ல ஃபார்ம் 16 கிடையாதுன்னுட்டாங்க. அப்ப எனக்கு டாக்ஸ் இல்லதானே?” பாஸ்புக்கில் மாதாமாதம் வரவான தொகையை பென்சிலால் சுற்றி வட்டமிட்டுக் கொண்டுவந்திருந்தார். கணவர் சொல்லிக் கொடுத்த பழக்கம் என்றார். இல்லை அம்மா, உண்டு என்று சொல்வதற்குள் எனக்கு வார்த்தை தடுமாறிற்று.

கணவன், மனைவி இருவரும் அரசு ஊழியராக இருந்து ஒருவர் இறந்தால், மற்றவர் தன் சொந்த ஓய்வூதியத்துக்கு 75,000-உம் குடும்ப ஓய்வூதியத்துக்கு 25,000-உம் தனித்தனியே கழித்துக்கொள்ளலாம். படையினர் போர்ப் பணியில் உயிரிழந்தால் அவர்கள் குடும்ப ஓய்வூதியத்துக்கு 10(19) பிரிவில் முழு விலக்கு உண்டு. வேலை பார்க்கவில்லை என்பதால் கழிவு கிடையாது என்ற தர்க்கத்தைச் சட்டம் வேண்டியபோது ஒதுக்கிவைக்கத் தெரிந்ததுதான் என்பதற்கு இது சான்று.

6. நிலுவை

ஓய்வூதிய நிலுவைத் தொகை எந்த ஆண்டுக்கு உரியதாக இருந்தாலும் கைக்கு வந்த ஆண்டிலேயே வரி. இதைச் சரிக்கட்ட 89-ஆம் பிரிவு இருக்கிறது. உரிய ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட்டால் எவ்வளவு வரி வந்திருக்குமோ அதற்கு மேல் கட்டவேண்டாம். குடும்ப ஓய்வூதிய நிலுவைக்கும் இது உண்டு. படிவம் 10இ-ஐ இணையத்தில் முதலில் தாக்கல் செய்துவிட்டு, பிறகு கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். வரிசை மாறினால் நிவாரணம் கிடைக்காது. எட்டாவது ஊதியக் குழு அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் நிலுவை வரும் ஆண்டில் பன்னிரண்டு லட்சக் கோட்டுக்கு அருகில் இருக்கும் ஓய்வூதியர்கள் இந்தப் படிவத்தின் பெயரை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

7. அமெரிக்காவில்

ஓய்வூதியம் மற்றொரு ஓய்வுப் பலனின் வரியைத் தீர்மானிக்கிறது என்பதை அமெரிக்கச் சட்டம் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. அங்கே சோஷியல் செக்யூரிட்டி பலனுக்கு நெடுங்காலம் வரி கிடையாது. அந்நிதி வற்றும் நிலை வந்தபோது, ஆலன் கிரீன்ஸ்பான் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி 1983-இல் சட்டம் திருத்தி, 1984 முதல் வரி போட்டார்கள். பலனில் பாதியோடு நிறுவன ஓய்வூதியம், வட்டி முதலான மற்ற வருமானத்தைக் கூட்ட வேண்டும். தனிநபருக்கு அது 25,000 டாலரையும் தம்பதிக்கு 32,000 டாலரையும் தாண்டினால் பலனில் பாதி வரை வரிக்குள் வரும். 1993-இல் இரண்டாவது படி சேர்ந்தது: 34,000, 44,000 டாலருக்கு மேல் 85 சதவீதம் வரை.

ஆக, நிறுவன ஓய்வூதியம் ஒரு டாலர் கூடினால் அந்த டாலருக்கும் வரி, அது இழுத்துவரும் 85 சென்ட் பலனுக்கும் வரி. 22 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு உண்மை வீதம் 40.7 சதவீதம். அங்கே இதை ‘டார்பிடோ’ என்கிறார்கள். தண்ணீருக்கடியில் வந்து தாக்குவதால். நம் விளிம்புப் பள்ளத்தில் அது 104 சதவீதம் என்று கேட்டால் அவர்கள் வாயடைத்துப் போகலாம்.

இரண்டு நாட்டுக்கும் பொதுவான குறை வேறு. 1983-இல் போட்ட 25,000 டாலர் விலைவாசியோடு நகரும்படி அமைக்கப்படவில்லை. பலன் ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப ஏறுகிறது; கோடு நின்ற இடத்தில் நிற்கிறது. அப்போது வசதியுள்ள சிறுபான்மையோருக்குப் போட்ட வரி இன்று சாதாரண ஓய்வூதியரையும் தொடுகிறது.

8. பங்களிப்புத் திட்டங்கள்

தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் அரசு ஊழியர் 60 வயதில் சேர்ந்த நிதியில் 60 சதவீதத்தை வரியின்றி எடுத்துக்கொண்டு 40 சதவீதத்துக்கு ஆண்டுத்தொகை வாங்க வேண்டும். மாதாமாதம் வரும் அந்த ஆண்டுத்தொகைக்கு வரி. அது வேலை கொடுத்தவரிடமிருந்து வராமல் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வருகிறது. அதைச் சம்பளம் என்பதா, பிற வருமானம் என்பதா? 75,000 கழிவு இந்தக் கேள்வியில் தொங்குகிறது. குடும்ப ஓய்வூதியத்துக்கு நேர்ந்த கதி இதற்கும் நேராமல் இருக்க, சட்டமே ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதன்கீழ் ஓய்வு பெற்றவர்கள் வாங்கிச் சென்றது மொத்தத் தொகைதான்; மாத ஓய்வூதியம் என்ற அடித்தளம் அவர்களுக்கு இருக்கவில்லை. வட்டி 12 லட்சத்தைத் தாண்டாதவரை அதற்கு வரியும் இல்லை. இதை யாரும் சலுகை என்று சொல்லிவிடாமல் இருக்க வேண்டும்.

9. நகராத கோடும் நகரும் நிவாரணமும்

என் பார்வையில் திருத்த வேண்டியவை மூன்று. குடும்ப ஓய்வூதியத்துக்கும் 75,000 கழிவு வேண்டும். அதே உழைப்பின் பலனுக்கு ஆள் மாறியதும் கழிவு மூன்றில் ஒன்றாகக் குறைவதற்கு நியாயம் இல்லை. பணிக்கொடை வாங்கினாரா என்று மட்டும் பார்த்து மூன்றில் ஒன்று, பாதி என்று பிரிக்கும் விதியைப் புதிய சட்டம் எழுதும்போதே விட்டிருக்கலாம். மூன்றாவது பெரியது: தள்ளுபடிக் கோடு அகவிலையோடு சேர்ந்து நகர வேண்டும்.

அரசே ஜனவரியிலும் ஜூலையிலும் விலைவாசி ஏறியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு நிவாரணத்தை உயர்த்துகிறது. பன்னிரண்டு லட்சக் கோடு அதைக் கவனிப்பதில்லை. நம் அதிகாரி கம்யூட் செய்யவில்லை, வைப்பு ஒரு ரூபாய்கூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். அகவிலை நிவாரணம் 63 சதவீதமாக இருக்கும் வரை ஆண்டு ஓய்வூதியம் 12,71,400, வரி இல்லை. 64 சதவீதம் ஆனதும் 12,79,200. கழிவு போக 12,04,200. விலைவாசிக்காகக் கூட்டிக் கொடுத்தது 7,800 ரூபாய். அதில் 4,368 வரியாகத் திரும்பிவிடும். அடுத்த ஒரு சதவீதத்துக்கு வரும் 7,800-க்கு வரி 8,112.